பக்கத்து அறையில் பேய்க்கதை

மகள் நிவேதா கதவைத் தாழ் போடவில்லை, சும்மாதான் சாத்தியிருக்கிறாள். அதற்கே வடிவு நாலு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டாள். கூரியர்க்காரர் எப்போதும் சாயங்காலம்தான் இந்தத் தெருவுக்கு வருவார், அந்த நேரம் பார்த்து வாசலில் நின்று வாங்கி பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்று அவள் போட்டிருந்த கணக்கு, இன்றைக்கென்று அந்த மனிதர் மத்தியானச் சாப்பாட்டு ஏப்பம் அடங்குவதற்குள் வந்து நின்றதில் கெட்டுப்போயிற்று. வாசலுக்கு ஓடியது நிவேதா. உறையைப் பல்லால் கிழித்தது நிவேதா. கத்தரிக்கோல் என்று ஒன்று இந்த வீட்டில் எதற்கு இருக்கிறது என்று கேட்டால் அவளிடம் பதில் வராது. "அம்மா, புக்கு வந்துருச்சு! உன் பேரு போட்டிருக்கு, சண்முகவடிவு அழகர்சாமின்னு முழுசா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவி, அட்டையை மூக்கில் வைத்து முகர்ந்து, "நான்தான் முதல்ல, யாரும் கூப்பிடக் கூடாது" என்று உள்ளே போனவள்தான். வடிவு வாயைத் திறந்தாள், ஏதோ சொல்ல நினைத்தாள், அதற்குள் கதவு. வடிவு எழுதி அச்சில் வந்த முதல் கதை. நாற்பது தாண்டிய பிறகு ஒருத்தியின் பேர் புத்தகத்தில் வருகிறது என்றால் தெருவைக் கூட்டி லட்டு கொடுக்க வேண்டாமா? அவளோ அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு மடலை உரிப்பது, உள்ளே சீப்பாக இருக்கிற பூவைக் கொத்தோடு எடுப்பது, ஒவ்வொரு பூவிலும் கள்ளனைப் பிடுங்குவது, மோரில் போடுவது. கள்ளன் என்றால் அந்த வேகாத நரம்பு. ஒன்றை விட்டாலும் தொண்டையில் நின்று சொல்லும். இந்த வேலையில் ஒரு வசதி, கை தன்பாட்டுக்கு ஓடும். இன்றைக்கு அதுவே வினை, ஏனென்றால் மனசும் தன்பாட்டுக்கு ஓடியது.

இப்போது எந்தப் பக்கம் இருப்பாள்? முகநூலில் வந்த பட்டியல்படி முதல் கதை யாரோ ஒரு ரிட்டயர்டு ஆசிரியருடையது, கிணற்றுப் பேய். இரண்டாவது லாட்ஜ் பேய். நிவேதா அதையெல்லாம் படிக்கிற ஆளா, நேரே புரட்டி அம்மா பேர் இருக்கிற இடத்துக்குத்தான் போயிருப்பாள். கதைக்குப் பேர் 'சீப்பு'. ஆரம்பத்திலேயே அந்தப் பொட்டு வந்துவிடும். அதைப் போட்டிருக்க வேண்டாம். பொட்டு இல்லாமல் அந்தக் கதை ஏது? மனைவியை இழந்த மனுஷனுக்கு இரண்டாவதாக வருகிறவள், தாலிக்கயிற்றில் தன் தாலியோடு இன்னொரு சின்னத் தங்கப் பொட்டையும் கோத்துக்கொள்ள வேண்டும் என்பது புருஷன் அழகர்சாமி வீட்டு வழக்கம். அது மூத்தவளுக்கு. அவள் கோபித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. தீபாவளிக்குப் புதுச்சேலை எடுத்தால் அதை முதலில் மூத்தவள் படத்துக்கு முன்னால் பலகையில் வைத்து, ஒரு ராத்திரி அவளிடம் இருந்துவிட்டுத்தான் வடிவிடம் வரும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பொட்டு நெஞ்சில் பட்டபோதெல்லாம் வடிவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஊரில் எல்லாப் பெண்களும் புருஷனை மட்டும் கழுத்தில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள், எனக்கு மட்டும் சக்களத்தியும் சேர்த்தா என்று குளியலறையில் அழுதிருக்கிறாள். படத்தில் மூத்தவள் ரேணுகா சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள், கல்யாண மாலைக் கனத்தில் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காமிராக்காரன் சொன்ன இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆல்பத்தை அவளுடைய பிறந்த வீட்டார் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள், மிஞ்சியது இந்த ஒரு படம். மஞ்சள்காமாலையில் போனாள், பிள்ளை நிவேதாவுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை. பயம் எப்போது போயிற்று என்று வடிவுக்கே தெரியாது. ஒரு நாள் பால் பொங்கி வழிந்தபோது "பார்த்துக்கிட்டே நிக்கிறியே ரேணு, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து அடுப்படியில் இரண்டு பேர். உப்பு கூடினால் ரேணுகாவிடம் முறையிடுவது, மாமியார் இருந்தவரை மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை, நிவேதா மார்க் வாங்கினால் "உம்மகளாக்கும்", வாங்காவிட்டால் "உம்மக பண்ணின காரியத்தைப் பாரு". இத்தனையும் வாய்க்குள்ளேதான். நிவேதா காதில் விழக் கூடாது. அந்தப் பிள்ளை முன்னால் ரேணுகா பேரை எடுப்பதே இல்லை, எடுத்து அது முகம் வாடினால் யார் பார்ப்பது?

அந்தப் பேச்சுதான் கதையாயிற்று. பேய்க்கதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவருகிறோம், புதியவர்கள் எழுதலாம் என்று முகநூலில் வந்த அறிவிப்பைப் பார்த்தபோது வேறு எந்தப் பேயும் நினைவுக்கு வரவில்லை, தெரிந்த பேயை விட்டுத் தெரியாத பேய்க்கு எங்கே போவது? போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி, குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் எழுதினாள். செத்துப்போன தாய் ஒருத்தி, பிள்ளைக்குத் தலை பின்னிவிட வருகிறாள். புதிதாக வந்தவளுக்குப் பின்னத் தெரியவில்லை, அல்லது பிள்ளை தலையைக் கொடுக்க மாட்டேன் என்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் ரெட்டைச்சடை அம்சமாகப் பின்னியிருக்கிறது. அவ்வளவுதான் கதை. கடைசியில் புதியவள் சீப்பை எண்ணெய் துடைத்து, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறாள். எழுதி முடித்தபோது வடிவுக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகை. தொகுப்பாசிரியர் திலீபன் என்று ஒரு தம்பி, கோயம்புத்தூர்க்காரர், ரொம்பத் தன்மையாகப் பேசினார். "அக்கா, எழுத்து நல்லா வருதுங்க. ஆனா இது அழ வைக்குது, பயமுறுத்தலை. வாங்குறவங்க பயப்படறதுக்குத்தான் காசு குடுக்குறாங்க. அந்தம்மா ஏன் அவ்ளோ நல்லவங்களா இருக்காங்க? அவங்களுக்குக் கோபமே இல்லையாங்க?" அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். கோபம் இருக்காதா என்ன? வடிவுக்கு இருந்திருக்குமே. தன் புருஷன், தன் பிள்ளை, தன் கைபட்ட எண்ணெய்ச்சட்டி, எல்லாவற்றையும் ஒருத்தி வந்து எடுத்துக்கொண்டால் சும்மா சடை பின்னிவிட்டுப் போவாளா? ரெண்டே நாளில் மாற்றி எழுதினாள். கை தடுக்கவே இல்லை, அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது. சீப்பு இழுக்க இழுக்க முடி வேரோடு வருகிறது. பிள்ளை அழவில்லை, தூங்குகிறது, சிரிக்கிறது தூக்கத்தில். விடியும்போது பிள்ளைக்குத் தலை மொட்டை, புதியவள் கழுத்தில் சடை, இறுகி, இறுகி. "அக்கா, பிரமாதம்! ராத்திரி எனக்கே தூக்கம் போச்சுங்க" என்று திலீபன் போனில் குரல் பதிந்து அனுப்பினார். அதை அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் அடுப்படியில் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. ரேணு, என்றாள். ரேணு, கோச்சுக்காதே, பேரை மாத்திட்டேன். ரேவதின்னு வச்சிருக்கேன். பேரை மாற்றினாளாம். பொட்டு அப்படியே, படம் அப்படியே, தீபாவளிச் சேலை அப்படியே. பூனை கண்ணை மூடிக்கொண்டது மாதிரிதான்.

உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம். வடிவின் கை நின்றது. ஒரு பூவைக் கள்ளனோடேயே மோரில் போட்டுவிட்டாளோ? எடுத்துப் பார்த்தாள், இல்லை. அல்லது வேறு பூவோ. விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. நாற்காலியை ஏன் இழுத்தாள்? எழுந்திருக்கவா, காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ளவா? பயந்தால் நிவேதா காலைத் தூக்கி மடக்கிக்கொள்வாள், சின்ன வயதிலிருந்தே. வடிவு இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் அப்படித்தான் சோபா மூலையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது அந்தப் பிள்ளை, நாலு வயசு, மூக்கில் சளி, கையில் ஒரு கழுத்தில்லாத பொம்மை. வடிவு பக்கத்தில் போனதும் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நீங்க எப்ப போவீங்க?" விருந்தாளி என்று நினைத்திருக்கிறது. வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்க்கொண்டே இருந்தார்களே, அது வேறென்ன நினைக்கும்? "போகலடா" என்றாள் வடிவு. "அப்ப சாயங்காலம்?" என்றது. எத்தனை நாள் அந்தச் சாயங்காலத்தைக் கேட்டது! தலையைத் தொட விடாது. எண்ணெய்க்கிண்ணத்தைத் தட்டிவிடும். அது தூங்கின பிறகு, மெல்ல மெல்ல, மூச்சுப் பிடித்துக்கொண்டு சிக்கெடுப்பாள். அம்மா என்று முதல்முதலில் கூப்பிட்டது வீட்டில் இல்லை, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தில் கை நழுவியபோது. எத்தனையோ பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், வடிவு திரும்பவில்லை, தன்னைக் கூப்பிடுவதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறகு புரிந்து ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன ஆகும் இன்றைக்கு? கதவைத் திறந்து வந்து, சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. வராமல், மரியாதையாக, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவைக் குறைத்துக்கொண்டே போனால்? என்ன, சாப்பாடு எடுத்து வைங்க, நான் வர்றேன் என்று பேரில்லாமல் பேச ஆரம்பித்தால்? பெற்றவளைப் பேயாக்கி, பிள்ளை முடியைப் பிடுங்க வைத்து, அதை நாலு பேர் படிக்கிற புத்தகத்தில் போட்டு, அதற்குக் கீழே தன் பேரையும் போட்டுக்கொண்டவளை எந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிடும்? செத்தவள் திரும்பி வந்து நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லவா போகிறாள்? எவ்வளவு சுலபமான ஆளிடம் கையை வைத்திருக்கிறாய் வடிவு! உனக்கு ஒரு புத்தகத்தில் இடம் கிடைப்பதற்கு அவளுடைய நல்ல பேரை அல்லவா கொடுத்தாய்.

எழுந்தாள். பானையில் தண்ணீர் எடுக்கிற சாக்கில் மூடியை ரெண்டு தட்டுத் தட்டித் திறந்து, குடிக்காமல் மூடினாள். மெல்ல நடந்து கதவுவரை போனாள். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள். ஜலதோஷம் இருக்கிறதோ காலையிலிருந்து? இல்லை, காலையில் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தாளே, காய்ச்சல் வாடை எதுவும் இல்லை. அழத்தான் செய்கிறாள். கதவில் கை வைத்தாள், எடுத்தாள். போய் என்ன சொல்வது? கதைதானேடா என்று சொல்லலாம். கதைதானே என்றால் பீரோவில் ஒளித்துவைக்கப் பார்த்தது எதற்கு? அந்தத் தம்பி கேட்டார் என்று சொல்லலாம். கேட்டால் எழுதிவிடுவாயா, நாளைக்கு இன்னொருவர் இன்னொன்று கேட்டால்? முன்னால் எழுதினது போனில் இருக்கிறது, அதைக் காட்டலாம், பாரு நிவி, அதில் அவள் எவ்வளவு நல்லவள் என்று. நல்லவள் என்று நான் எழுதியதும் நான் எழுதியதுதானே, கெட்டவள் என்று எழுதியதும் நான் எழுதியதுதானே, இதில் ரேணுகா எங்கே இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது, அதைப் பிடித்து வைக்க வடிவுக்கு அப்போது தெம்பில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். வாழைப்பூ உள்மடலுக்கு வந்துவிட்டது, இனிமேல் கள்ளன் பிஞ்சு, எடுக்க வேண்டியதில்லை, அப்படியே நறுக்கலாம். எடுத்துக்கொண்டே இருந்தாள். வாய் என்னவோ ராகமில்லாமல் முணுமுணுத்தது.

கதவு திறந்தது. நிவேதா புத்தகத்துக்குள் ஒரு விரலை நுழைத்துப் பிடித்தபடி வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா."

கூப்பிட்டுவிட்டாள். வடிவுக்கு மூச்சு வந்தது. "ம்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"இந்த ரேவதி, ரேணும்மாதானே?"

பெற்றவளை ரேணும்மா என்று அவள் சொல்லி வடிவு கேட்டது அன்றுதான். மனசுக்குள் அப்படி ஒரு பேர் வைத்திருக்கிறாள், இத்தனை வருஷமாக.

"பேரை மாத்திட்டேன் நிவி" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. "கடைசியில வர்றது நானா எழுதினது இல்லடா. அந்தத் தம்பி பயம் வேணும்னு கேட்டுச்சு. இல்ல, அவர் மேல போடக் கூடாது, நான்தான் எழுதினேன். ரேணு அப்படி இல்ல. அவ உன் தலையில ஒரு முடி உதிர விட்டிருக்க மாட்டா. என்னை நீ என்ன வேணாலும் சொல்லு..."

"அதை விடும்மா. பேய்னா அப்படித்தான் பண்ணும். சூப்பராத்தான் இருக்கு, எனக்கே உதறிருச்சு." நிவேதா கீழே உட்கார்ந்தாள். "நான் அதுக்கு அழல."

"பின்ன?"

"நீ அந்த அண்ணன்கிட்ட போன்ல பேசினப்ப எல்லாத்தையும் கேட்டுட்டேன். மூத்த சம்சாரம், பிள்ளை, பொட்டுன்னு. சரி, அம்மா ரேணும்மாவைப் பத்தித்தான் எழுதியிருக்குன்னு புரிஞ்சுபோச்சு. யாருமே சொன்னதில்லையேம்மா. இதுலயாவது தெரியும்ல, எப்படி நடப்பாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு. அதான் பிடுங்கிட்டுப் போனேன். படிச்சா..." புத்தகத்தை விரித்தாள். "உச்சந்தலைய மோந்து பார்த்துக் காய்ச்சல் கண்டுபிடிக்குது. யாரு அது? பானை மூடிய ரெண்டு தட்டு தட்டித் தொறக்குது. 'அசையாதே, வகிடு கோணிரும்'னு அதட்டுது. பிள்ளை மிச்சம் வச்ச தோசைய நின்னுக்கிட்டே தின்னுது. ராகமே இல்லாம ஒரு பாட்டு. எல்லாம் நீதாம்மா. அவங்களத் தேடித்தான் படிச்சேன். உள்ள பூராவும் நீதான் இருக்க."

வடிவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது, வெட்கம்கெட்ட சந்தோஷம்தான், உடம்பு முழுக்க. தன் ஒவ்வொரு அசைவையும் இந்தப் பிள்ளை பார்த்து வைத்திருக்கிறது, பேயாக வந்தாலும் அடையாளம் கண்டுகொள்கிறது. அது அடங்கும் முன்பே துக்கம் வந்தது. பாவம் ரேணுகா. இந்த வீட்டில் அவளுக்கு ஒரு பொட்டு கொடுத்தோம், பலகை கொடுத்தோம், சேலை கொடுத்தோம், அடுப்படியில் பேச்சுத்துணைக்கு வைத்துக்கொண்டோம். ஒரு குரல் கொடுக்கவில்லையே. தன் கோபத்தையும் தன் கையையும் ஒரு பேய்க்கு மாட்டிவிட்டு அதற்கு அவள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள் வடிவு. பெற்ற மகளுக்குப் பேயாகக்கூட அவள் கிடைக்கவில்லை.

"எனக்கு அவளத் தெரியாதேடா" என்றாள். "நான் பார்த்ததே இல்லையே."

"எனக்கும்தான்" என்றாள் நிவேதா.

அதைச் சொன்ன விதத்தில் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. வடிவு கறுத்த கையோடு அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சட்டையில் கறை படும், படட்டும்.

"ஏன் கேக்கவே இல்ல நீ?"

"கேட்டா நீ வருத்தப்படுவேன்னு."

"நான் பேசினா நீ வாடிப்போவேன்னு."

"அப்பா?"

அப்பா ஏன் பேசவில்லை என்று யாருக்குத் தெரியும்? வடிவு வருத்தப்படுவாள் என்றிருக்கும், பிள்ளை அழும் என்றிருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில் நடுவில் ஒருத்தி காணாமலே போய்விட்டாள்.

"அப்பாட்ட நான் கேக்கட்டுமா?" என்றாள் நிவேதா.

"வேண்டாம்" என்றாள் வடிவு. நிவேதா நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேக்கறேன். நான் கேட்டாத்தான் அவரு சொல்லுவாரு."

மில் ஷிப்ட் முடிந்து அழகர்சாமி வந்தபோது ரெண்டு பேரும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள், சுற்றிலும் மடல்கள். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது அவருக்கு. சாப்பாட்டுப் பையை வைக்க அடுப்படிக்கு வந்தவர், மகள் மூக்கையும் மனைவி கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல" என்றாள் வடிவு. நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ரேணு எப்படிச் சிரிப்பா?"

பை கையிலேயே நின்றது. அழகர்சாமி வடிவைப் பார்த்தார். கேட்கிறவள் முகத்தில் எங்காவது காயம் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"சத்தமா" என்றார்.

அப்புறம் பையைத் தரையில் வைத்தார். "ரொம்பச் சத்தமா. தெருமுனை டீக்கடையில திரும்பிப் பாப்பாங்க. எங்கம்மா திட்டுவாங்க, பொம்பளை சிரிக்கிற சிரிப்பாடின்னு. முந்தானையை எடுத்து வாயில அடைச்சுக்குவா, அப்பவும் நிக்காது, தோளு ரெண்டும் குலுங்கும். கல்யாணப் போட்டோ எடுக்கும்போதே மூணு தடவை சிரிச்சுட்டா, போட்டோக்காரரு கோவிச்சுக்கிட்டாரு. நாலாவது தடவை மூச்சை அடக்கிக்கிட்டு நின்னா..." சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது, இந்த வீட்டில் வடிவு கேட்டிராத ஒரு சிரிப்பு, இளம்பிள்ளைச் சிரிப்பு.

"அப்புறம்?" என்றாள் நிவேதா.

வடிவு மடல்களை ஒதுக்கி, தரையில் அவருக்கு இடம் பண்ணினாள். "உக்காந்து சொல்லுங்க" என்றாள். "அவளைப் பத்தி எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாது."